மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் டிராக்டரும் நிலமும் தப்புமா?

கடன் கழுத்தை நெரிக்கும்போது நம் ஊர்களில் கடைசியாகக் காதில் விழும் யோசனை ஒன்று உண்டு. “பேசாம மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டு நிம்மதியா இரு” என்பார்கள். ஐ.பி. போடுவது, மஞ்சக் கடுதாசி கொடுப்பது, திவால் மனு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். விஷயம் ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டால் எல்லாக் கடனும் அன்றோடு செத்துப்போகும், டிராக்டர் வாசலில் நிற்கும், அடகு வைத்த நிலமும் நம் பெயரிலேயே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதிக்கு மேல் தவறு.

நான் வங்கியில் கடன் பிரிவில்தான் அதிக காலம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு நாலு ஏக்கரில் இயற்கை வழி வேளாண்மை செய்கிறேன். நம் இயக்கக் கூட்டங்களுக்குப் போனால் பஞ்சகவ்யத்தைப் பற்றிக் கேட்பவர்களை விட, “சார், இந்தக் கடனை என்ன பண்றதுங்க?” என்று தனியே கூப்பிட்டுக் கேட்பவர்கள்தான் அதிகம். ரசாயனத்தை விட்டு இயற்கை வழிக்கு மாறும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பல தோட்டங்களில் விளைச்சல் குறையும். பழைய கடனின் தவணை மட்டும் குறையாது. அந்த இடைவெளியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கயிறு யார் கையில்?

முதலில் ஒரு பிரிவினையைப் புரிந்துகொள்ள வேண்டும். கடன் இரண்டு வகை.

ஒன்று, வெறும் வாக்குறுதிக் கடன். கைமாற்று, புரோநோட்டு, உரக்கடை பாக்கி, வங்கியின் தனிநபர் கடன், ஈடில்லாத பயிர்க்கடன் எல்லாம் இதில் சேரும். உழவர் கடன் அட்டையில் 2025 சனவரி முதல் 2 இலட்சம் வரை நில அடமானம் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பயிர் அடமானம் என்று தாளில் எழுதியிருந்தாலும், அறுவடை முடிந்து விற்ற பிறகு வங்கி பிடித்துக்கொள்ள நடைமுறையில் பொருள் எதுவும் இருக்காது.

மற்றது, ஈட்டுக்கடன். நகையை வைத்து வாங்கியது, டிராக்டர், கார், பால் வண்டிக்கு ஆர்.சி. புத்தகத்தில் பெயர் ஏற்றிக் கொடுத்தது, நிலப் பத்திரத்தை வைத்து வாங்கியது. இங்கே கடன் கொடுத்தவர் கையில் ஒரு கயிறு இருக்கிறது. மாடு உங்கள் கட்டுத்தரையில் நிற்கலாம். கயிற்றின் மறுமுனை அவர் கையில்.

மஞ்சள் நோட்டீஸ் முதல் வகைக் கடனுக்கு ஓரளவு மருந்து. இரண்டாம் வகைக் கடனின் கயிற்றை அது அறுக்காது. மீதிக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு கருத்தின் விரிவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனிமனிதர் நொடித்துப்போனால் நம் மாவட்டங்களில் இன்றும் நடப்பில் இருப்பது வெள்ளைக்காரன் காலத்து 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். சென்னை மாநகருக்கு மட்டும் 1909-ஆம் ஆண்டுச் சட்டம் தனி. 2016-இல் புதிய திவால் சட்டம் வந்ததே என்று கேட்பீர்கள். அதில் தனிமனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உழவருக்கும் சிறு வியாபாரிக்கும் பழைய சட்டமேதான்.

அதன்படி 500 ரூபாய்க்கு மேல் கடன் உள்ளவர், தன்னால் கட்ட இயலவில்லை என்று நீதிமன்றத்தில் மனுப் போடலாம். மனுவில் எல்லாக் கடனையும் எல்லாச் சொத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். வக்கீல் மூலம் கடன்காரர்களுக்கு நோட்டீஸ் போகிறதே, அதுதான் ஊரில் பேசப்படும் மஞ்சள் நோட்டீஸ். நோட்டீஸ் போனதாலேயே எதுவும் முடிந்துவிடுவதில்லை. நீதிமன்றம் விசாரித்து ‘இவர் நொடித்தவர்’ என்று ஆணை போட வேண்டும். ஆணை வந்ததும் உங்கள் சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் பொறுப்புக்கோ அது அமர்த்தும் ரிசீவரின் பொறுப்புக்கோ போய்விடும். அவர் விற்று, கடன்காரர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பார். ஈடில்லாத கடன்காரர் யாரும் அதன் பிறகு நீதிமன்ற அனுமதி இல்லாமல் உங்கள் மீதோ சொத்தின் மீதோ நடவடிக்கை எடுக்க முடியாது. இதுதான் இந்தச் சட்டம் தரும் பெரிய பாதுகாப்பு.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் விட்டுவிட மாட்டார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, ஜப்தி செய்யக் கூடாத பொருள்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி போன்று மதவழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத அணிகள் இவையெல்லாம் தொடக் கூடாதவை. உழவராக இருந்தால், பிழைப்புக்கு அவசியம் என்று நீதிமன்றம் கருதும் உழவுக் கருவிகள், மாடுகள், விதைத் தானியம் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. உழவர் தானே குடியிருக்கும் வீட்டுக்கும் விலக்கு உண்டு. நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. ஆனால் இந்த விலக்கெல்லாம் நீங்களே அடமானம் வைக்காத பொருளுக்குத்தான். அடகு வைத்த தாலிக்கொடிக்கும், அடமானம் போட்ட வீட்டுக்கும் இந்தப் பிரிவு வந்து நிற்காது.

கடைசிக் கட்டம், விடுவிப்பு ஆணை. நொடித்தவர் என்று ஆணை போடும்போதே, விடுவிப்புக்கு எப்போது மனுப் போட வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைக்கும். கெடுவுக்குள் போடாவிட்டால் முதல் ஆணையே இரத்தாகிவிடும். கடனெல்லாம் பழையபடி எழுந்து நிற்கும். மனுவைப் போட்டுவிட்டு வாய்தாவுக்குக்கூடப் போகாமல் ‘நான்தான் ஐ.பி. கொடுத்துட்டேனே’ என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இருந்தது ஒரு வழக்கு எண் மட்டுமே. விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குச் சேர வேண்டிய பாக்கி, மோசடி செய்து வாங்கிய கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் ஆகியவை தீராது.

விடுவிப்பு வரும்வரை சில கட்டுப்பாடுகளும் உண்டு. தான் நொடித்தவர் என்று சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் யாரிடமும் கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. அந்தக் காலத்து 50 ரூபாய் இன்னமும் மாறவில்லை. சட்டமன்றத் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் நிற்க முடியாது.

ஈடு வைத்தவருக்கு மூன்று கதவு

இப்போது டிராக்டர்க் கடன் கொடுத்தவரிடம் வருவோம். 1920 சட்டத்தின் 28-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஈட்டுக்கடன் கொடுத்தவர் தன் ஈட்டை விற்றுப் பணமாக்கும் உரிமையை இந்த ஆணை பாதிக்காது. 47-ஆம் பிரிவு அவருக்கு மூன்று கதவுகளைத் திறந்து வைக்கிறது. ஈட்டை விற்று, போதாத பணத்துக்கு மட்டும் மற்றவர்களோடு வரிசையில் நிற்கலாம். ஈட்டை விட்டுக்கொடுத்துவிட்டு முழுக் கடனுக்கும் வரிசையில் நிற்கலாம். அல்லது ஈட்டுக்கு ஒரு மதிப்புச் சொல்லி, மீதித் தொகைக்குப் பங்கு கேட்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராக்டர்க் கடன் பாக்கி 5 இலட்சம். வண்டியை விற்றால் 3½ இலட்சம் கிடைக்கிறது. மீதி 1½ இலட்சத்துக்கு அந்த வங்கி மற்றவர்களோடு வரிசையில் வரும். உரக்கடை, புரோநோட்டு எல்லாம் சேர்ந்து 4½ இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆக வரிசையில் நிற்பது 6 இலட்சம். செலவு போக ரிசீவர் கையில் இருப்பது 1,20,000 என்றால் ரூபாய்க்கு 20 காசு. வங்கிக்கு இன்னொரு 30,000 கிடைக்கும். மொத்தத்தில் 5 இலட்சத்துக்கு 3,80,000 வந்துவிட்டது. 50,000 கைமாற்றுக் கொடுத்த உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கிடைப்பது 10,000. நம்பிக் கொடுத்தவர்தான் அதிகம் இழக்கிறார். மஞ்சள் நோட்டீஸ் என்றதும் ஊரில் உறவு முறிவது இதனால்தான்.

டிராக்டரை என்ன செய்வது?

டிராக்டர், கார், லோடு வண்டி எதுவானாலும் ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவரின் பெயர் ஏறியிருக்கும். அந்தப் பெயர் இருக்கும்வரை அவர் சம்மதம் இல்லாமல் வண்டி கைமாறாது. கட்டமுடியாத நிலை வரும் என்று தெரிந்தால் உங்கள் முன் இருப்பவை மூன்று வழிகள்.

முதல் வழி, வண்டியை வைத்துக்கொண்டு தவணையைத் தொடர்வது. வண்டி உண்மையில் சம்பாதித்துக் கொடுக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நாலு ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் கட்டுபடியாவது கடினம். மூடாக்குப் போட்டு உழவைக் குறைத்த தோட்டத்துக்கு இன்னும் கடினம். வேளாண் பொறியியல் துறையில் டிராக்டரும் கருவிகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. உழவன் செயலியிலேயே பதியலாம். ஒரு வருடத் தவணையையும் ஒரு வருட வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நொடிப்பு ஆணை வந்த பிறகு இந்த முதல் வழிக்கும் ரிசீவர் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஏனென்றால் கடனுக்கு மேல் வண்டிக்கு மதிப்பு இருந்தால் அந்த மிச்சம் மற்ற கடன்காரர்களுக்கு உரியது.

இரண்டாம் வழி, கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான சம்மதத்தோடு நீங்களே விற்பது. நொடிப்பு மனுவுக்கெல்லாம் போவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. யார்டில் நிறுத்தி ஏலம் விடும் வண்டிக்கும், ஓடும் நிலையில் தோட்டத்தில் நின்று விற்கும் வண்டிக்கும் விலையில் நிறைய வித்தியாசம் இருக்கும். ஏலம் என்றால் இழுத்துப்போன செலவு, நிறுத்திவைத்த வாடகை எல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். வாங்குபவரை வங்கிக்கே அழைத்துப் போய் பணத்தை நேரே கடன் கணக்கில் கட்டச் சொல்லுங்கள். கடன் முடிந்ததும் தடையின்மைச் சான்றும், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கான படிவம் 35-உம் வாங்கிப் பெயரை நீக்குங்கள். ‘வண்டியை நீ ஓட்டிக்கோ, மீதித் தவணையை நீ கட்டிக்கோ’ என்று வாய்ப் பேச்சில் கைமாற்றிவிடாதீர்கள். அவர் கட்டாவிட்டால் வங்கி தேடி வருவது உங்களைத்தான்.

மூன்றாம் வழி, ஒப்படைப்பது. ஒப்படைக்கும்போது வண்டியின் நிலை, டயர், பேட்டரி, ரொட்டவேட்டர் உள்பட என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். விற்ற பிறகும் மீதி கேட்பார்களா, இதோடு முடிந்ததா என்பதைத் தாளில் கேட்டு வாங்குங்கள். ‘முழுத் தீர்வு’ என்று எழுத்தில் இல்லாவிட்டால் மீதிக்கு வழக்கு வரும்.

அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, உறவினரையும் தெரிந்தவரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. மீறினால் முதலில் அந்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுதிப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

நகைக்கடன்

நகை அடகு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது. நியாயமான அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பிய பிறகே ஏலம் விட முடியும். ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்தால் மிச்சத்தை உங்களுக்குத் தர வேண்டும். கேட்காதவர்கள்தான் அதிகம், கேளுங்கள். குறைவாகக் கிடைத்தால் மீதிக்கு நீங்கள் பொறுப்பு. உண்மையில் விற்கப்படும் நிமிடம் வரை பணம் கட்டி மீட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரே வங்கியில் நகைக்கடனும் டிராக்டர்க் கடனும் இருக்கின்றன. எப்படியோ புரட்டி நகைக்கடனை முழுதாகக் கட்டிவிட்டு நகையைக் கேட்டால், “டிராக்டர் பாக்கி இருக்கே, அதைக் கட்டுங்க” என்று நகையைக் கொடுக்க மறுப்பார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு வங்கிகளுக்குப் பொதுப் பிடிமான உரிமை தருகிறது. வேறாக ஒப்பந்தம் இல்லாதபோது, கையில் உள்ள பொருளை மொத்தப் பாக்கிக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். நகைக்கடன் விண்ணப்பத்தின் பின்பக்கப் பொடி எழுத்திலும் இதைச் சேர்த்திருப்பார்கள். தவணை நிலுவையில் இருக்கும் வங்கியில் புதிதாக நகை வைப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். அதே வங்கியின் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தையும் பாக்கிக்கு எடுத்துக்கொள்வார்கள்.

நிலம்

வீட்டுக்கடன், தொழில் கடன்களில் நீதிமன்றம் போகாமலேயே சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் சட்டம் 2002-இல் வந்தது. சர்பாசி என்பார்கள். 60 நாள் நோட்டீஸ் கொடுத்துக் கைப்பற்றிவிடலாம். ஆனால் விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று அதன் 31-ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. நம் உழவர்களுக்கு இது பெரிய கவசம். ஆனால் சிட்டாவிலும் அடங்கலிலும் நஞ்சை, புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது. உண்மையில் அதில் வேளாண்மை நடந்ததா என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2018-இல் நம் மாநில வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது. தரிசாகப் போட்டு, கல் நட்டு, மனையாக்கக் காத்திருக்கும் நிலத்துக்கு இந்தக் கவசம் கிடைப்பது கடினம். பயிர் செய்த ஆதாரத்தை வருடாவருடம் வாங்கி வையுங்கள். அடங்கல் நகல், பயிர்க் காப்பீட்டு இரசீது, இயற்கைச் சான்றிதழ் வைத்திருப்பவர்களின் பண்ணைப் பதிவேடு எல்லாமே பயன்படும்.

கவசம் இருப்பதால் கடன் தள்ளுபடி ஆகிவிடாது. வங்கி உரிமையியல் நீதிமன்றத்துக்கோ, 20 இலட்சமும் அதற்கு மேலும் என்றால் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கோ போக வேண்டும், அவ்வளவுதான். உரிமையியல் நீதிமன்றத்தில் அடமான வழக்கு என்றால் முதலில் முதல்நிலைத் தீர்ப்பு வரும். பணம் கட்ட ஆறு மாதம் வரை அவகாசம் தருவார்கள். கட்டாவிட்டால் இறுதித் தீர்ப்பு, பிறகு ஏலம். சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட 3 ஆண்டு கெடு என்றால், அடமானக் கடனுக்கு 12 ஆண்டு. ‘மூணு வருஷம் ஓடிட்டா கேஸ் போட முடியாது’ என்ற திண்ணைப் பேச்சை அடமான நிலத்துக்கு நம்பிவிடாதீர்கள்.

இன்னும் ஆபத்தானது, தனியாரிடம் அடமானத்துக்குப் பதிலாகக் கிரயம் எழுதிக் கொடுப்பது. “பணத்தைக் கொடுத்ததும் திருப்பி எழுதித் தர்றேன்” என்று வாயால் சொல்வார்கள், அல்லது தனித் தாளில் எழுதித் தருவார்கள். திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் எழுதப்பட்டிருந்தால்தான் அதை அடமானமாகக் கருத இடமுண்டு என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் சொல்கிறது. தனித் தாளில் எழுதினால் உங்கள் நிலம் விற்றது விற்றதுதான். வங்கி அடமானத்தில் மீட்கும் உரிமையாவது கடைசி வரை நிற்கும். கிரயத்தில் அதுவும் கிடையாது. கந்துவட்டிக்கு எதிராக 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பத்திரப் பதிவு முடிந்த பிறகு அதை வைத்துப் போராடுவது எளிதல்ல.

‘நிலத்தைப் பையன் பேருக்கு மாத்திட்டு அப்புறம் ஐ.பி. கொடுத்துடலாம்’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் இனாமாகவோ நேர்மையில்லாமலோ செய்த மாற்றத்தை நீதிமன்றம் இரத்து செய்யலாம். கடைசி மூன்று மாதத்தில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்ததையும் திரும்பக் கேட்கலாம். விடுவிப்புக் கேட்கும்போது இந்தச் செயல்களெல்லாம் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

ஜாமீன் போட்டவர்

எல்லாவற்றையும் விட என் மனதை அறுப்பது இதுதான். நீங்கள் விடுவிப்பு ஆணை வாங்கினாலும் உங்களுக்கு ஜாமீன் போட்டவர் விடுபட மாட்டார். சேர்ந்து கையெழுத்துப் போட்டவரும் விடுபட மாட்டார். 1920 சட்டத்தின் 44-ஆம் பிரிவு அதை நேராகவே சொல்கிறது. ஒப்பந்தச் சட்டமும் கடன்காரருக்கு உள்ள அதே அளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது.

நான் பணியில் இருந்தபோது ஒரு கிளையில் இப்படி நடந்தது. லாரி வாங்கிய ஒருவர் ஐ.பி. கொடுத்தார். ஜாமீன் போட்டிருந்தவர் அவர் மனைவியின் தம்பி, பள்ளியில் எழுத்தர். லாரியை விற்றது போக மீதிக்கு அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் போனது. அக்கா வீட்டுப் படியை அவர் மிதித்தே பல வருடம் ஆயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. மஞ்சள் நோட்டீஸ் பற்றி யோசிப்பவர் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது வக்கீலோடு அல்ல, தனக்காகக் கையெழுத்துப் போட்டவரோடுதான்.

அங்கே போவதற்கு முன்

பயிர்க்கடன் உடனே வாராக்கடன் ஆகிவிடாது. குறுகிய காலப் பயிர் என்றால் தவணை தவறி இரண்டு பருவம், நீண்ட காலப் பயிர் என்றால் ஒரு பருவம் என்பது கணக்கு. அந்தக் காலத்துக்குள் மேலாளரைப் போய்ப் பாருங்கள். வங்கிக்குப் போகக் கூசிக்கொண்டு போனை அணைத்து வைப்பவர்களைத்தான் வங்கிகள் ஏமாற்றுக்காரர் பட்டியலில் நினைக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எழுத்தில் கேளுங்கள். என்ன காரணம், எவ்வளவு கட்ட முடியும், எப்போது கட்ட முடியும் என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். இயற்கைப் பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதியாக இருந்தால் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றித் தர ரிசர்வ் வங்கி விதிகளில் இடம் உண்டு.

கடன் வாராக்கடன் ஆகிவிட்டால் ஒரே தவணைத் தீர்வு கேட்கலாம். அது உங்கள் உரிமை அல்ல, வங்கியின் விருப்பம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே கையில் பணம் தயாராக இருக்கும்போது போய்ப் பேசினால்தான் பலன். கடன் தர அறிக்கையில் ‘தீர்வு செய்யப்பட்டது’ என்ற குறிப்பு ஏறும், பின்னால் கடன் வாங்கும்போது கேள்வி வரும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் கட்டணம் இல்லை. அங்கே எழுதும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு, மேல்முறையீடும் கிடையாது. அதனால் கட்ட முடிந்த தொகைக்கும் தேதிக்கும் மட்டுமே கையெழுத்துப் போடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

அமெரிக்காவில் 1986-இல் குடும்ப உழவர்களுக்கென்றே திவால் சட்டத்தில் தனி அத்தியாயம் எழுதினார்கள். அதன்படி உழவர் நிலத்தையும் கருவிகளையும் வைத்துக்கொண்டு மூன்று முதல் ஐந்து ஆண்டுத் திட்டம் போட்டுக் கட்டலாம். ஈட்டுக்கடனையே பொருளின் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அந்த நாட்டு வேளாண்மை முறையோடு நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் உழவர் நொடித்தாலும் உழவைத் தொடர வேண்டும் என்ற அந்த ஏற்பாடு இங்கே இல்லை. விலை கேட்டுப் போராடும் நம் இயக்கம் இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அதுவரை ஒரு வேலை. ஒரு நோட்டில் நாலு பத்தி போடுங்கள். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, ஈடு என்ன, ஜாமீன் யார். பயிர்க்கடன், கைமாற்று ஒன்று விடாமல் எழுதுங்கள். கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். பல வீடுகளில் நகை எந்த வங்கியில் இருக்கிறது என்பது ஒருவருக்கும், புரோநோட்டு யாரிடம் இருக்கிறது என்பது மற்றவருக்கும் தெரியாது. ஈடு என்ற பத்தி நிரம்பியிருக்கும் கடன்களுக்கு முதலில் வழி தேடுங்கள். ஜாமீன் பத்தியில் பெயர் இருந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். அந்த நோட்டோடு வாருங்கள். நம் மாதக் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துத் தர நான் தயார்.